ஒரு நேரம் எடுக்குது, ஒரு நேரம் எடுக்கல: பழைய வண்டி வச்சிருக்கவங்க கவனத்துக்கு

சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல ஒர்க்‌ஷாப்ல எலக்ட்ரிக்கல் வேலைதான் எனக்கு. போன மாசம் ஒரு அண்ணன் அவரோட வேன கொண்டு வந்தாரு. விடியக்காலையில பாசிர் பாஞ்சாங் மொத்த மார்க்கெட்ல காய்கறி ஏத்தி தேக்கா பக்கம் கடை கடையா போடுறவரு. பத்து வருஷம் முடிஞ்சு சிஓஇ (இங்க வண்டி வச்சிருக்க வாங்க வேண்டிய உரிமம்) புதுப்பிச்சு ஓட்டுறாரு, வண்டிக்கு இப்ப 13 வயசு. காலைல முதல் தடவை டக்குனு எடுக்கும், மூணு நாலு கடை போட்டுட்டு வந்து சாவிய திருப்புனா எடுக்காது, அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுக்கும். இதுக்கு அவரு ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு, ரீகான் ஸ்டார்ட்டர் ஒண்ணும் போட்டாச்சு (நம்ம ஊர்ல செல்ஃப் மோட்டார்னு சொல்லுவோமே அதான், பழச சரி பண்ணி விக்கிறது), பிரச்சனை மட்டும் அப்படியே இருக்கு. "தம்பி, இனிமே செலவு பண்ண முடியாதுப்பா"ன்னு சொன்னப்ப எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு, ஏன்னா மாத்துன மூணுமே நல்ல சாமான்தான், அவருக்கு தேவையில்லாத சாமான்.

வந்து போற கோளாறுக்கு ஒர்க்‌ஷாப்ல மருந்து இல்லங்க, அது இருக்குற நேரத்துல பிடிக்கணும். இங்க வந்து பத்து தடவை ஸ்டார்ட் பண்ணாலும் பத்து தடவையும் எடுக்கும், அப்ப மெக்கானிக் என்ன பண்ணுவாரு, குத்துமதிப்பா ஒண்ண மாத்துவாரு. அதனால நான் முதல்ல கேக்குறது, எடுக்காத அந்த நேரத்துல என்ன நடந்துச்சு? இன்ஜின் சுத்துச்சா சுத்தலையா? சுத்தியும் பத்திக்கலன்னா அது பெட்ரோல், ஸ்பார்க் பக்கம். சுத்தவே இல்லன்னா பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர், சாவி பக்கம். இந்த ஒரு பதில்லயே பாதி சாமான தள்ளி வச்சிடலாம். பாதிப் பேருக்கு இது ஞாபகம் இருக்காது, அவசரத்துல சாவிய திருப்பி திருப்பி பாத்துட்டு டென்ஷன் ஆகிடுவாங்க, அது அவங்க தப்பும் இல்ல.

அண்ணன் சொன்னது, ஒரு "டிக்" மட்டும் கேக்கும், சுத்தாது, ஆனா ஹெட்லைட் மங்காம பளிச்சுனு எரியும். அந்த கடைசி வார்த்தைதான் முக்கியம். பேட்டரியே செத்திருந்தா சாவி திருப்புனதும் லைட்டும் சேந்து மங்கணும்ல.

நான் ஸ்டார்ட்டருக்கு சிக்னல் போற சின்ன வயர்ல இருந்து ஒரு வயர் இழுத்து டாஷ்போர்டுல ஒரு சின்ன பல்பு மாட்டி விட்டேன். அண்ணே, அடுத்த தடவை எடுக்கலைன்னா சாவிய திருப்பிப் பிடிச்சுக்கிட்டு இந்த பல்பு எரியுதா பாருங்க, போன்ல வீடியோ எடுத்து அனுப்புங்கன்னு சொன்னேன். மூணாவது நாள் மத்தியானம் வீடியோ வந்துச்சு. பல்பு எரியுது, டிக் கேக்குது, இன்ஜின் சுத்தல. அப்ப சாவி, ரிலே, கியர் ஸ்விட்ச் எல்லாம் சரி, சிக்னல் ஸ்டார்ட்டர் வரைக்கும் வந்துடுச்சு. மிச்சம் இருக்குறது ஸ்டார்ட்டரும் தடி கேபிளும்தான், ஸ்டார்ட்டரோ இப்பதான் மாத்துனது.

வேன வரவழைச்சு நல்லா சூடாகுற வரைக்கும் ஓட்டிட்டு வந்து, மல்டிமீட்டர ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொரு முனை இன்ஜின் பிளாக்லயும் வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். கால் வோல்ட் இருந்தா பரவாயில்ல, அர வோல்ட்ட தாண்டவே கூடாது, ஆனா ரெண்டு வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. கோளாறு இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல போற எர்த் கேபிள்லதான், கரண்ட் பேட்டரிக்கு திரும்பிப் போற வழி அது. வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கு, ரப்பர உரிச்சா லக்கு (கேபிள் முனைல போல்ட் மாட்டுற வளையம்) கிட்ட உள்ள பச்சை பச்சையா அரிச்சு போயிருக்கு. லைட்டுக்கு எர்த் பாடில இருந்து வர்றதால அது மங்கல, ஸ்டார்ட்டருக்கு எர்த் இன்ஜின் வழியா வர்றதால அது மட்டும் செத்துப் போச்சு.

இந்த கேபிள ஓம் மீட்டர்ல பாத்தா நல்லா இருக்குன்னுதான் காட்டும், நிறைய பேர் ஏமாந்து போறது இங்கதான். கணக்கு சொல்றேன் பாருங்க. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க, கேபிள்ல 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கயே போயிடும், ஆனா சாதாரண மீட்டரால 0.01 ஓம ஒழுங்கா காட்ட முடியாது. பத்து இழைல ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டருக்கு அது நல்ல கேபிள்தான். கரண்ட் ஓடும்போது வோல்ட் பாத்தா மட்டும்தான் உண்மை வெளிய வரும். சூடானா லக்கு லூசாகும், தடையும் ஏறும், இன்ஜின் ஆறுனா மறுபடி ஒட்டிக்கும், அதான் அரை மணி நேர கணக்கு. புது கேபிள் போட்டு, பாடில பெயிண்ட சுரண்டி இரும்பு தெரிய முறுக்கினேன், அதுக்கப்புறம் ஒரு தடவை கூட நிக்கல.

எல்லா வண்டிக்கும் எர்த்தான்னு கேக்காதீங்க. ஆட்டோ கியர் வண்டி P-ல எடுக்காம N-ல எடுத்தா கியர் பக்கத்து ஸ்விட்ச பாக்கணும். இன்ஜின் நல்லா சுத்துது ஆனா சூட்டுல மட்டும் பத்தல, ஆறுனா பத்துதுன்னா கிராங்க் சென்சார (இன்ஜின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்றது) சந்தேகப்படணும். திறந்த கார்பார்க் வெயில்ல நின்ன பிறகு மட்டும் அப்படின்னா ஃபியூல் பம்ப் ரிலே உள்ள ஈயப்பத்து வெடிச்சிருக்கலாம், 90கள்ல வந்த ஜப்பான் கார்கள்ல இத நிறைய பாத்திருக்கேன். சாவி படம் போட்ட லைட் வேகமா மின்னுச்சுன்னா இம்மொபிலைசர் (சாவிய அடையாளம் பாக்குற திருட்டுத் தடுப்பு), ஸ்பேர் சாவிய போட்டு பாருங்க. வாரம் முழுக்க ப்ளாக் கீழ நிக்கிற காருன்னா டேஷ்கேம் பார்க்கிங் மோடுதான் எனக்கு முதல் சந்தேகம், நிக்கும்போதும் ஓடி பேட்டரிய குடிச்சிடும், வண்டி தூங்கும்போது 50 மில்லி ஆம்பியருக்கு மேல இழுக்கக் கூடாது. பேட்டரியும் பாருங்க, பாக்க வேணாம்னு சொல்லல, ராத்திரி முழுக்க நின்ன பிறகு 12.4 வோல்ட்டுக்கு மேல இருக்கணும், சுத்தும்போது 9.6-க்கு கீழ போகக் கூடாது, இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் வரணும். இந்த மூணும் சரியா இருந்தா பேட்டரில கை வைக்காதீங்க.

இன்னொண்ணு, திரும்ப எடுக்காதோன்னு பயந்து சரக்கு இறக்கும்போது இன்ஜின ஓட விட்டுட்டு போறாங்க, அந்த அண்ணனும் அதான் பண்ணிக்கிட்டு இருந்தாரு. நிக்கிற வண்டில இன்ஜின ஓட விடுறது இங்க குத்தம், ஃபைன் வரும், சாவியோட வண்டிய விட்டுட்டு போறது அத விட ஆபத்து.

எக்ஸ்பிரஸ்வேல நின்னுட்டா அங்க எதையும் நோண்டாதீங்க, ஹசார்ட் லைட்ட போட்டுட்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க, இமாஸ் (எக்ஸ்பிரஸ்வேய கண்காணிக்கிற அரசாங்க சேவை) வண்டி வந்து பக்கத்துல இருக்குற கார்பார்க் வரைக்கும் இலவசமா இழுத்து விடும். அங்க போய் சேந்ததும் எல்லாரும் முதல்ல சாவியத்தான் திருப்புவாங்க, அப்ப வண்டி ஆறிப்போய் எடுத்துடுச்சுன்னா மறுபடி எப்ப பண்ணும்னு காத்துக்கிட்டே இருக்கணும். ஹெட்லைட்ட போடுங்க, போன்ல வீடியோவ ஆன் பண்ணுங்க, அப்புறம் திருப்புங்க.