கிராமத்து ரயில் நிலையம்: தோண்டாமல் படிக்கும் தொல்லியல்

சின்ன ரயில் நிலையம் ஒன்றின் வயதை அறிய முகப்பில் ஆண்டைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பயணிகள் ஒதுங்கும் கூரையைத் தாங்கி நிற்கும் கம்பத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டின் பழைய மீட்டர்கேஜ் பாதைகளில் பல இடங்களில் அது ஒரு தண்டவாளத் துண்டுதான். பாதையில் தேய்ந்து கழிந்தவை கம்பமாகவும் உத்தரமாகவும் வேலிக்காலாகவும் மறுபடி வேலைக்கு வந்தன. வண்டி வரும் முன் தட்டுவதற்கு மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்ட இரும்பும் அதுவே.

தண்டவாளத்தின் தலைக்கும் அடிப்பட்டைக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் தகட்டில் புடைப்பெழுத்துகள் இருக்கும். உருக்காலையில் பழுக்கக் காய்ந்த எஃகு உருளைகளுக்கிடையே போகும்போதே பதிந்தவை அவை. பின்னால் யாரும் சேர்க்க முடியாது. ஆலையின் பெயர், ஆண்டு, எடை ஆகியவை அதில் வரும். சிலவற்றில் மாதமும் ரோமன் எண்ணாகவோ சிறு கோடுகளாகவோ இருக்கும். பாரோ, போல்க்கோ வான் போன்ற இங்கிலாந்து ஆலைகளின் பெயர்கள் பழைய துண்டுகளில் கிடைக்கும். டாடா என்றிருந்தால் 1912-இல் ஜாம்ஷெட்பூரில் எஃகு உற்பத்தி தொடங்கியதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. 60 ஆர் என்றால் ஒரு கஜ நீளத்துக்கு 60 ராத்தல், அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ.

எழுத்துகள் சாயப்பூச்சில் மங்கியிருந்தால் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் எழுத்தைத் தூக்கிக் காட்டும். மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தாலும் படி கிடைக்கும். கம்பி பிரஷ்ஷும் அரைக்கும் இயந்திரமும் வேண்டவே வேண்டாம். புடைப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒருமுறை தேய்ந்தால் அந்த ஆண்டு போனது போனதுதான்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். கம்பத்தில் 1889 என்றிருந்தால் நிலையமும் 1889 என்று எழுதிவிடுகிறார்கள். தண்டவாளம் முதலில் முக்கியப் பாதையில் ஓடும், பிறகு கிளைப் பாதைக்குப் போகும், பிறகு பக்கத் தடத்துக்கு, கடைசியில்தான் கம்பமாகும். எனவே அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தக் கூரை 1889-க்கு முன் எழவில்லை. ஒரே கூரையில் நான்கு கம்பங்கள் வெவ்வேறு ஆண்டு காட்டினால், மாற்றியமைக்காத பட்சத்தில், அவற்றில் மிகப் பிந்தியதுதான் கணக்கு. மண்ணடுக்கில் கிடைத்த காசுகளை வைத்து அகழாய்வாளர் காலம் கணிப்பதும் இதே தர்க்கத்தால்தான்.

ஓட்டிலும் இதே பொறி உண்டு. மங்களூர் ஓட்டின் அடிப்பக்கத்தில் 1865 என்றிருந்தால் அது பாசல் மிஷன் என்ற கிறித்தவ சபையின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அந்த ஓடு சுட்ட ஆண்டு அல்ல. செங்கல்லுக்கு ஆண்டு கிடையாது, அளவு உண்டு. 9 அங்குலம், 4½ அங்குலம், 3 அங்குலம் என்ற கணக்கில் அறுத்த பழைய கல்லுக்கும், 19, 9, 9 செ.மீ. என்ற பிற்கால அளவுக் கல்லுக்கும் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். ஒரு கல்லை மட்டும் அளந்து முடிவு செய்யாமல் பத்துக் கல்லை அளந்து சராசரி எடுங்கள். சுவரில் இரண்டு அளவும் சந்திக்கும் கோடு கிடைத்தால், பிறகு சேர்த்த அறை எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

பழைய சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. சுண்ணாம்போடு மணலோ, செங்கல் பொடியான சுர்க்கியோ சேர்ந்திருக்கும். கத்தி முனையால் கீறினால் பொடியாக உதிரும்; சிமெண்ட் உதிராது. புதுப்பிப்பு என்ற பெயரில் அதன்மேல் சிமெண்ட் பூசுவதுதான் பெரிய கேடு. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்பு இணைப்புகள் வழியாக வெளியேறிக் காய்ந்துகொண்டிருந்தது. சிமெண்ட் அந்த வழியை அடைக்க, ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. அதில் கரைந்திருந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி விரிந்து செங்கல்லின் முகத்தைத் தகடு தகடாக உரிக்கிறது. பூச்சு உப்பி விழுந்ததும் மறுபடி சிமெண்ட் பூசுகிறார்கள், மறுபடி விழுகிறது. சிமெண்டை அகற்றிச் சுண்ணாம்பே பூசுவதுதான் தீர்வு. சுவரில் முளைத்த அரசங்கன்றும் அப்படியே: தண்டை மட்டும் வெட்டினால் வேர் உள்ளேயே பருத்துச் சுவரைப் பிளக்கும். வேர் ஓடும் வரிசைகளைப் பிரித்து, அதை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பில் திரும்பக் கட்ட வேண்டும்.

நடைமேடை நிலையத்தின் மண்ணடுக்கு. மீட்டர்கேஜ் காலத்துக்கு, அதாவது 1000 மி.மீ. இடைவெளிப் பாதைக்கு, தாழ்வான மேடை போதுமாக இருந்தது. 1992-க்குப் பிறகு வேகமெடுத்த அகலப்பாதை மாற்றத்தில் தண்டவாள இடைவெளி 1676 மி.மீ. ஆனது, உயர்மேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. வரை எழுந்தது. பல இடங்களில் பழைய மேடையை இடிக்காமல் மேலே மண் கொட்டித் தளம் போட்டார்கள். கட்டடம் மட்டும் பழைய மட்டத்திலேயே நின்றது. அறைக்குள் போக இப்போது படி இறங்க வேண்டியிருந்தால், மழைநீரும் உள்ளே இறங்குகிறது என்று பொருள். ஆனால் புதைந்த அந்த மேடை அழியவில்லை. வடிகாலுக்காக வெட்டும்போது பழைய விளிம்புக் கல், அதன் கீழ் செம்மண், அதற்கும் கீழ் நிலக்கரிச் சாம்பலும் கசடும் அடுக்காகத் தெரியும். வெட்டிய அன்றே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். மூடிவிட்டால் இன்னொரு வாய்ப்பு இல்லை.

நிலையத்தின் உயிர் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இருந்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் காத்தது நீல்ஸ் பந்து டோக்கன் கருவி. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொன்று இருக்கும். இரண்டையும் மின்கம்பி இணைத்திருக்கும். வண்டியை அனுப்புகிறவர் மணிக்குறி கொடுத்துக் கேட்பார். மறுமுனையில் இருப்பவர் சம்மதித்துப் பொத்தானை அழுத்தி மின்னோட்டம் அனுப்பினால்தான் இங்கே கைப்பிடி திரும்பும். பாதை மூடியது, வண்டி போகிறது, வண்டி வருகிறது என்று கைப்பிடிக்கு மூன்று நிலைகள். ‘போகிறது’ நிலைக்குத் திருப்பியதும் ஒரு எஃகுப் பந்து விழும். அதைப் பிரம்பு வளையத்தில் தொங்கும் பையில் போட்டு, புறப்படுவதற்கான அனுமதியாக ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். அந்தப் பந்து ஏதாவது ஒரு முனையின் கருவிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டு கருவியிலும் அடுத்த பந்து வராது. ஒரு பக்கமாகவே வண்டிகள் அதிகம் ஓடினால் பந்துகள் ஒரு நிலையத்தில் குவிந்து மறுநிலையம் வெறுமையாகும். பராமரிப்பவர் எடுத்துச் சென்று சமன் செய்ய வேண்டும்.

பந்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் அமைப்பு, இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் வேறுபடும், தவறான கருவியில் நுழையாமலிருக்க. அதனால்தான் ஒற்றைக் கருவியை மட்டும் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. இணைக் கருவியும் அதன் பந்துகளும் எந்த இரு நிலையங்களுக்கு உரியவை என்ற குறிப்பும் இல்லாவிட்டால் அந்தப் பள்ளங்களுக்கு அர்த்தமில்லை. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் 100 ஆண்டு கடந்ததைத் தொன்மைச் சின்னமாகக் கருத இடம் தருகிறது. ஆனால் வயது வந்ததாலேயே பாதுகாப்பு வந்துவிடாது; அரசு அறிவிக்கை வேண்டும்.

கைகாட்டியும், அதாவது உயரக் கம்பத்தில் கை போன்ற பலகையால் ஓட்டுநருக்குக் குறி காட்டும் சிக்னலும், இதேபோல் சங்கிலிக் கோவைதான். லீவரை இழுத்தால் கம்பி வழியாகக் கை சரியும், வண்டி வரலாம். கம்பி அறுந்தால் எதிர் எடை கையைத் தானாகப் படுக்கை நிலைக்கு, அதாவது ‘நில்’ நிலைக்குத் தள்ளிவிடும். வெயிலில் கம்பி நீளும் என்பதுதான் தொல்லை: 800 மீட்டர் எஃகுக் கம்பி 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 19 செ.மீ. நீளும். அப்போது லீவரை முழுக்க இழுத்தாலும் கை பாதியில் நிற்கும். அதற்காகவே லீவர்கள் இருக்கும் கேபினில் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் சரிசெய்யும் சாதனம் உண்டு. இரவு விளக்குக்கான கண்ணாடியில் ஒன்று நீலமாக இருந்தால் மாற்றிப் பொருத்தியது என்று நினைக்க வேண்டாம். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். நீலக் கண்ணாடி வழியே வந்தால்தான் பச்சையாகத் தெரியும்.

கைகாட்டி போன பிறகும் அது நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கலாம். கம்பி ஓடிய கப்பிகளைத் தாங்கிய குட்டைக் கால்கள் பாதையோரம் வரிசையாக நிற்கும். நிலைய நிர்வாகத்தின் அனுமதியோடு, ஓடும் தடத்தில் கால் வைக்காமல், ஒவ்வொரு காலுக்கும் கேபினிலிருந்துள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டே போனால் வரிசை முடியுமிடத்துக்கு அருகில் கைகாட்டியின் அடித்தளம் தட்டுப்படும். இடிப்பு வேலை வரப்போகிறதென்றால் கட்டடத்தைக் கடைசியில் பதிவு செய்யலாம், அது ஒரே நாளில் நகர்ந்துவிடாது. முழங்கால் உயரம்கூட இல்லாத இந்தக் கால்களை ஒருவர் தனியாகவே பிடுங்கிப் பழைய இரும்போடு போட்டுவிடலாம். அளவெடுப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.