சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோகும் வண்டுகள்

கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் நம் முன்னோர் பலர் இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றித் துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். மாட்டுச் சாணம் எவ்வளவு அருமையான உரம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதை வெட்டி மண்ணோடு கலக்க ஆள் வேண்டும். வடக்கே ஹ்லுஹ்லுவே காட்டில் யானையும் காண்டாமிருகமும் எருமையும் போடுவதை யார் கலக்கிறார்கள்? ஒரு யானை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 100 கிலோ போடும்.

சாண வண்டுகள்தான் கலக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒன்றரைக் கிலோ யானைச் சாணத்துக்கு 16,000 வண்டுகள் வந்து, இரண்டே மணி நேரத்தில் இடத்தைக் காலி செய்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

உருண்டை உருட்டும் வண்டைத்தான் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் பெரும்பாலான வகைகள் உருட்டுவதே இல்லை. சாணத்துக்கு நேர் கீழே சுரங்கம் தோண்டி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அங்கே உருண்டை பிடித்து அதில் முட்டையிடுகின்றன. புழு அந்த உருண்டையைத் தின்றே வளர்கிறது. வெயிலில் கிடந்தால் சாணத்தின் நைட்ரஜன் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். புதைந்தால் அதில் பெரும்பகுதி வேருக்குக் கிடைக்கும். சுரங்கங்களின் வழியே மழைநீரும் காற்றும் இறங்கும். அப்புறம் ஈக்கள். ஈயின் புழு வளரச் சில நாள் ஈரச் சாணம் வேண்டும். வண்டுகள் அதைக் கலைத்துப் போட்டால் காய்ந்துவிடும், புழுவும் பிழைக்காது.

உருட்டும் வண்டுகளின் அவசரம் வேறு. குவியலைச் சுற்றி உருண்டைத் திருடர்கள் அதிகம் என்பதால் நேர்கோட்டில் விலகி ஓட வேண்டும். அதனால் உருண்டையின் மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வானத்தைப் பார்த்துத் திசை பிடிக்கின்றன. நிலவில்லாத இரவில் என்ன செய்யும்? ஜொஹன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகமும் ஸ்வீடன் ஆய்வாளர்களும் சேர்ந்து, வண்டுகளின் தலையில் குட்டி அட்டைத் தொப்பி மாட்டினார்கள். கோளரங்கத்துக்குள்ளும் கொண்டுபோய் விட்டார்கள். வானம் மறைந்தால் தடுமாறின. பால்வீதியின் ஒளிப்பட்டை மட்டும் தெரிந்தாலே நேராகப் போயின. 2013-இல் வெளியான இந்த முடிவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இந்த வண்டுகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே சாட்சி. 1788-இல் அங்கே மாடுகள் போய் இறங்கின. அந்நாட்டு வண்டுகள் கங்காருவின் காய்ந்த சிறு புழுக்கைகளுக்குப் பழகியவை. ஈரமான மாட்டுச் சாணத்தைப் பெரும்பாலும் சீண்டவில்லை. சாணம் மாதக்கணக்கில் அப்படியே காய்ந்து கிடந்தது, சுற்றியிருந்த புல்லை மாடு தொடவில்லை, ஈக்கள் பெருகின. ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்ற பூச்சியியலாளர் வெளிநாட்டு வண்டுகளை வரவழைக்கலாம் என்றார். அதற்காகவே நம் பிரிட்டோரியாவில் ஒரு ஆய்வுக்கூடம் நடந்தது. மாட்டு நோய் கூடவே போய்விடாதபடி முட்டைகளின் மேற்புறத்தைக் கிருமிநீக்கம் செய்து விமானத்தில் அனுப்பினார்கள். அங்கே கையால் பிடித்த சாண உருண்டைகளுக்குள் வைத்து வளர்த்தார்கள். இன்று ஆஸ்திரேலியாவின் பல மேய்ச்சல் நிலங்களில் நம் நாட்டு வண்டுகளின் வம்சம் வேலை செய்கிறது.

விலங்கு இனங்களில் 95 சதவீதத்துக்கும் மேல் முதுகெலும்பில்லாதவை. ஆனாலும் வனவிலங்குப் பாதுகாப்பு என்றதும் நம் பேச்சு காண்டாமிருகத்தோடு நின்றுவிடுகிறது. வண்டுக்கு வரும் ஆபத்து கண்ணில் படாமல் நடக்கிறது. மாட்டுக்குக் குடற்புழு, உண்ணி நீங்கக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணத்தோடு வெளியேறி, அதைத் தின்னும் வண்டுப் புழுக்களையும் பல நாட்கள் கொல்கின்றன. இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. மந்தை முழுவதற்கும் வழக்கமாகப் போடாமல், சாணத்தைப் பரிசோதித்துத் தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் மருந்து தரலாம். கோடை மழையோடு வண்டுகள் வெளிவரும் மாதங்களில், அவற்றுக்கு அதிகம் தீங்கு செய்யாத மருந்து எது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.