நீலத்தை வாங்கிப் பச்சையைத் தரும் சாயம்

ஜார்ஜ் டவுனில், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாரில், காசு மாற்றும் கடை ஒன்றில் நின்று பாருங்கள். கடைக்கார மாமா ஐம்பது ரிங்கிட் நோட்டை ஊதா விளக்கின் அடியில் நீட்டுவார். அதுவரை கண்ணில் படாத குறிகள் தாளில் பளிச்சென்று ஒளிரும். நான் பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செல்களை வைத்துச் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு நிறமே கிடையாது. நமக்கு வேண்டியதோ அவற்றில் ஒன்று. தைப்பூச இரவில் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒருவரைத் தேடுவது மாதிரி. அவர் கையில் மட்டும் ஒரு விளக்கைக் கொடுத்துவிட்டால்? அந்த விளக்குதான் ஒளிர்சாயம்.

ஃபுளோரசீனை எடுத்துக்கொள்வோம். 1871-இல் அடால்ஃப் வான் பேயர் உருவாக்கிய இந்தச் சாயம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சுமார் 490 நானோமீட்டர் நீல ஒளி பட்டதும் இதன் எலக்ட்ரான் ஒன்று அந்த ஆற்றலை வாங்கி மேல்மட்டத்துக்கு ஏறும். அங்கே அதனால் நிலைத்திருக்க முடியாது. மூலக்கூறு அதிர்ந்து, வாங்கியதில் கொஞ்சத்தைச் சுற்றியுள்ள நீருக்கு வெப்பமாகக் கொடுத்துவிடும். மிச்சம்தான் ஒளியாக வெளியே வரும். ஆற்றல் குறைந்துவிட்டதால் அலைநீளம் கூடி, சுமார் 520 நானோமீட்டர் பச்சையாக வரும். ஏறி இறங்க ஏறத்தாழ 4 நானோநொடி போதும்.

இந்த நிறமாற்றம் இல்லையென்றால் சாயத்தால் ஒரு பயனும் இல்லை. கொடுத்த நீலத்தை வடிகட்டிக் கண்ணாடியால் தடுத்துவிட்டுப் பச்சையை மட்டும் கண்ணுக்கு விடுகிறோம். அதனால் பின்னணி கும்மிருட்டு, நம் புரதம் மட்டும் வெளிச்சம். 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதே உத்தியைத்தான் கையாண்டார். தேவாலய ஜன்னலுக்குரிய நீலக் கண்ணாடி வழியே வெயிலைப் பாய்ச்சி, மஞ்சள் வைன் நிரம்பிய கிளாஸ் வழியே பார்த்தார். அவர் சோதித்த பொருள் கொய்னா கரைசல். ஆம், ரப்பர்த் தோட்டங்களில் மலேரியாவுக்காக நம் தாத்தா பாட்டிகள் முகம் சுளித்து விழுங்கிய அதே கசப்பு மருந்து. டானிக் வாட்டரில் இன்றும் அது இருக்கிறது. ஊதா விளக்கில் காட்டினால் நீலமாக ஒளிரும்.

சரி, சாயம் சரியான புரதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அது கண்டுபிடிப்பதில்லை. புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடங்களைப் பற்றிக்கொள்ளும் ஒரு கொக்கியைச் சாயத்தில் வேதிமுறையில் பொருத்தி, அதை ஓர் எதிர்ப்பொருளில், அதாவது தனக்குரிய இலக்கை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தில், மாட்டிவிடுகிறோம். தேடும் வேலை எதிர்ப்பொருளுடையது. 1940-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் காட்டிய வழி இது. அப்புறம் கழுவ வேண்டும், பொறுமையாக, பல தடவை. ஒட்டாத சாயம் மிஞ்சினால் ஸ்லைடு முழுக்கப் பச்சை மூட்டம்தான்.

சாயத்துக்கு ஆயுளும் குறைவு. ஒளி பட்டுக்கொண்டே இருந்தால், ஆக்சிஜனோடு வினைபுரிந்து அதன் அமைப்பு சிதைந்துவிடும். ஒருமுறை நல்ல செல் ஒன்றை ரசித்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். படம் எடுக்கப் போனபோது அது மங்கிப்போயிருந்தது; மூன்று நாள் உழைப்பு. இப்போதெல்லாம் சாயக் குழாயை அலுமினியத் தாளில் சுற்றித்தான் வைக்கிறேன். ஓரத்துச் செல்லில் குவியத்தைச் சரிசெய்து, ஒளியை மூடி, நடுவுக்கு நகர்த்தி, மறுபடி திறந்ததும் முதலில் படம் எடுக்கிறேன். பார்ப்பதெல்லாம் பிறகு.