மிஸ்ஸிங் ஒரே இடத்திலா, மாறி மாறியா?

ஏற்காட்டில் நாகலூர் பக்கத்திலிருந்து காபி, மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் லீ பஜாருக்கு இறங்கி வரும் பிக்கப் அது. 4 சிலிண்டர், காமன்ரெயில் டீசல் (ரெயில் என்ற ஒரே குழாயில் பெரிய பிரஷரில் டீசலைத் தேக்கி, சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்கும் வகை), பத்து வருடத்துக்கு மேல் மலை ஏறி இறங்கிய வண்டி. ஓனர் இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை: "காலைல ஸ்டார்ட் பண்ணா பேய் புடிச்ச மாதிரி ஆடுதுங்ணா. ரெண்டு இன்ஜெக்டர் மாத்தியாச்சு. அப்பவும் அப்படியேதான்."

அவர் வந்தபோது மணி பதினொன்று. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, என்ஜின் நன்றாகச் சூடேறி நிற்கிறது. காலையில் வரும் கோளாறை அந்த நேரத்தில் தேடி என்ன பயன்? "ராத்திரி வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றேன். பலருக்கு இது பிடிக்காது. மெக்கானிக் நாள் கடத்துகிறான் என்று நினைப்பார்கள். ஆனால் கோளாறு எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் பார்த்தால்தான் பிடிபடும். வீட்டில் வண்டியை எப்படி நிறுத்துவீர்கள் என்றும் கேட்டேன். வாசல் ஏற்றம், மூக்கு மேலே பார்த்து நிற்கும் என்றார். பட்டறை வாசல் சரிவில் நானும் அப்படியே நிறுத்தி வைத்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்குச் சாவி போட்டோம். செல்ஃப் நீளமாகச் சுற்றியது. பிடித்ததும் வெள்ளைப் புகை, ஒரே ஆட்டம். இரண்டு நிமிடத்தில் அடங்கியது. அடங்கிய பிறகும் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது, ஒரு சின்ன நொண்டல் மட்டும் மிச்சமிருந்தது. சைலன்சர் வாயில் ஒரு துண்டு அட்டையைப் பிடித்துக் காட்டினேன். முதல் இரண்டு நிமிடம் அட்டை தறிகெட்டுத் துடித்தது. ஒரு ஒழுங்கும் இல்லை. அப்புறம் மூன்று அடி சரியாக, நாலாவது அடி சோர்வாக, மறுபடி மூன்று அடி சரியாக என்று ஒரு கணக்குக்கு வந்தது.

வண்டி ஆடினால் நான் முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். இப்படி அடி தவறுவதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம். ஒரே இடத்தில் தவறினால் கோளாறு ஒரு சிலிண்டருக்குச் சொந்தமானது: அதன் இன்ஜெக்டர், வாஷர், வயர், வால்வு, கம்ப்ரஷன். இடம் மாறி மாறித் தவறினால் நாலுக்கும் பொதுவான ஒன்றில் கோளாறு: டீசல் வரும் வழி, காற்று கலப்பது, ரெயில் பிரஷர், என்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார், எர்த் (பேட்டரி மைனஸ் இணைப்பு). பொதுவான கோளாறுக்கு ஒரு இன்ஜெக்டரை மாற்றினால் சரியாகுமா? இந்த வண்டியில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. அதுதான் எல்லாரையும் குழப்பியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நொண்டல் கேட்டதும் என்னிடம் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இன்ஜெக்டர் பைப் நட்டுக்குப் போய்விட்டான். கையைப் பிடித்து இழுத்தேன். பழைய லாரி என்ஜினில் நாங்கள் எல்லாரும் கற்ற பாடம் அது. ஓடுகிற என்ஜினில் ஒவ்வொரு பைப் நட்டாக லூஸ் பண்ணுவோம். எந்த நட்டை லூஸ் பண்ணியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். நானும் பல வருடம் செய்திருக்கிறேன். காமன்ரெயிலில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். சும்மா ஐடிலிங்கிலேயே ரெயிலுக்குள் 250, 300 பார் இருக்கும். லோடில் ஏறும்போது வண்டியைப் பொறுத்து 1,600 பார் வரை போகும். லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று 8 பார் சுமார். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த பிரஷரில் ஊசி முனை அளவு கசிவில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் முள் குத்தின மாதிரி ஒரு புள்ளி. வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கும், உள்சதை கெடும், விரலையே எடுக்க வேண்டிவரலாம். துணியில் துடைத்துவிட்டு வேலை பார்க்காதீர்கள். அழுத்தித் தேய்ப்பதும் வெந்நீரில் வைப்பதும் கூடாது. உடனே அறுவைச் சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "பிரஷர் டீசல் உள்ளே ஏறிடுச்சு" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். இல்லையென்றால் சின்னக் காயம் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டையைக் காட்டுங்கள். என்ஜினை நிறுத்திய பிறகும் சில நிமிடம் பொறுத்துத்தான் பைப்பில் கை வைக்க வேண்டும். இன்ஜெக்டர் கனெக்டரை ஓட்டத்தில் பிடுங்குவதும் வேண்டாம். 12 வோல்ட் வண்டிதானே என்று நினைப்பீர்கள்; இன்ஜெக்டரைத் திறக்கும் நொடியில் அந்த வயரில் 50 வோல்ட்டுக்கு மேல் பாயும். செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்க ஸ்கேனரிலேயே வழி இருக்கிறது.

சரி, காலை ஆட்டத்துக்கு வருகிறேன். டீசல் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு அடி, உள்ளே ஓடுவது தெரிகிற டியூப் மாட்டினேன். இது சக்‌ஷன் பக்கம். மேலே சொன்ன பிரஷர் இங்கே கிடையாது. ஸ்டார்ட் செய்ததும் சோடா பாட்டில் மாதிரி பொடிப்பொடியாகக் குமிழி ஓடியது. இந்த வண்டியில் டேங்குக்குள் பம்ப் இல்லை, முன்னால் இருக்கும் பம்ப்தான் டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பைப்பில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் சொட்டு ஈரம்கூட இல்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. ராத்திரி மூக்கு மேலே தூக்கி நின்றால் லைனில் இருக்கும் டீசல் பின்னால் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் அந்த வெறும் பைப் நிரம்பும் வரைதான் அத்தனை ஆட்டமும்.

அதே டியூபை ஃபில்டருக்கு முன்னால், டேங்க் பக்கம் மாற்றினேன். குமிழி இல்லை. அப்படியென்றால் காற்று ஏறுவது ஃபில்டரில். கழற்றிப் பார்த்தால், அடியில் தண்ணீர் சென்சார் மாட்டும் இடத்தில் ஓ-ரிங் தட்டையாக நசுங்கி, ஒரு ஓரம் வெடித்திருந்தது. ஃபில்டர் மாற்றிய கை, பழைய ரிங்கையே திருப்பிப் போட்டிருக்கிறது. அப்படியே கிண்ணத்தில் இறங்கியிருந்த தண்ணீரையும் வடித்துவிட்டேன். எஸ்டேட்டில் பேரலில் வைத்து ஊற்றும் டீசலில் இது சகஜம்.

மிச்சமிருந்த நொண்டலுக்கு ஸ்கேனர் போட்டேன். ஐடிலிங்கைச் சமன்செய்ய ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கில், மூன்றாவதுக்கு மட்டும் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது. பழைய வண்டிகளில் எல்லா வண்டிக்கும் பொதுவான சாதாரண ஓபிடி ஸ்கேனர் இதைக் காட்டாது, அந்த வண்டிக்கான சாஃப்ட்வேர் வேண்டும். அடுத்து ரிட்டர்ன் டெஸ்ட். நாலு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைனிலும் ஒவ்வொரு பாட்டில் கட்டி ஓடவிட்டால், உள்ளே தேய்ந்த இன்ஜெக்டர் தன் பாட்டிலை மட்டும் சீக்கிரம் நிரப்பிவிடும். நாலும் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றன. ஆக, உள்கசிவு இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றித் தார் ஊற்றியது போலக் கருப்பு. காது கொடுத்தால் 'சுக் சுக்' என்று மெல்லிய சத்தம். அடியில் இருக்கும் காப்பர் வாஷர் உட்காரவில்லை, கம்ப்ரஷன் பக்கவாட்டில் தப்பிக்கிறது. மாற்றிய இரண்டில் இதுவும் ஒன்று. இன்ஜெக்டரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வாஷர் புதிது போட வேண்டும், உட்காரும் குழியைக் கரி இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. அதோடு, ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் அதற்கென்று ஒரு கோட் நம்பர் அடித்திருக்கும். புதிது மாட்டினால் அதை ஈசியூவில் ஏற்ற வேண்டும். இந்த வண்டியில் பழைய நம்பர்தான் இருந்தது. குழியைச் சுத்தம் செய்து, வாஷர் மாற்றி, இரண்டு கோட் நம்பரையும் ஏற்றினேன். அட்டை நாலு அடியும் ஒரே சீராகத் துடித்தது.

எல்லா வண்டியிலும் இதே கோளாறாகத்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. எலி கடித்த வயர், கரி அடைத்துத் திறந்தே நிற்கும் ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பும் வால்வு), நைந்துபோன என்ஜின் மவுண்டிங் எல்லாம் பார்த்தாயிற்று. மவுண்டிங் போனால் கேபின்தான் உதறும், அட்டை சீராகவே இருக்கும். எர்த் பட்டையைப் பார்க்க மல்டிமீட்டர் போதும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே அரை வோல்ட்டைத் தாண்டினால் கழற்றிச் சுரண்டிப் போடுங்கள். மலை வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று: ஏற்காட்டில் காற்றழுத்தமே சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. கீழே சமாளிக்கிற அடைத்த ஏர் ஃபில்டர் மேலே போனதும் கரும்புகை தள்ளும், புல்லிங் இருக்காது. அதற்கும் இன்ஜெக்டரைக் கழற்றாதீர்கள்.

வண்டியை எடுக்க வந்தவரிடம், கழற்றிய பழைய இன்ஜெக்டர் இரண்டும் எங்கே என்று கேட்டேன். டெஸ்ட் பெஞ்சில் (இன்ஜெக்டரைச் சோதிக்கும் மெஷின்) போட்டுப் பார்த்தால் அவை உண்மையிலேயே போனவையா என்று தெரிந்துவிடும். "எக்ஸ்சேஞ்ச்னு சொல்லி அங்கயே வாங்கி வச்சிக்கிட்டாங்ணா" என்றார்.

டெஸ்ட் ரிப்போர்ட் ஏதாவது கொடுத்தார்களா என்றேன். பில் மட்டும்தான் இருந்தது.