மர்பி: சொல் விளக்கம்

நம்மில் பலர் இப்பெயரை முதலில் கண்டது மர்பி ரேடியோப் பெட்டியில்தான். 1929-இல் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பிராங்க் மர்பி. பெயரின் வேர் அயர்லாந்து. 1890-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு அயர்லாந்தின் பதிவுத்துறை அதிகாரி ராபர்ட் மாதிசன் கணித்தபோது, அங்கே மர்பிகள் சுமார் 62,600 பேர். வேறெந்தக் குடும்பப்பெயரும் இதை எட்டவில்லை.

ஆங்கிலத்தில் திரிந்த வடிவமே மர்பி. ஐரிஷ் மூலம் 'ஓ முர்கதா'. இன்று 'ஓ முர்கூ' என்று சுருக்கி எழுதுகிறார்கள். இங்குள்ள ககரத்தைத் தொண்டையில் உரசி ஒலிக்க வேண்டும். முர்கத் என்பது பழைய ஆண்பெயர். 'முயிர்' கடல், 'கத்' போர். கடலும் போரும் சேர்ந்தால் தமிழில் கடற்போர் என லகரம் வல்லின றகரமாகும். ஐரிஷில் மாறாக, பின்சொல்லின் முதலெழுத்து மெலியும். அதனால்தான் அந்த உரசல்.

மர்பிக்குக் 'கடல் வீரன்' என்று மட்டும் பொருள் சொல்வது பாதிதான். முன்னால் நிற்கும் 'ஓ' பேரனைக் குறிக்கும். 'மேக்' என்றால் மகன். தமிழில் இதற்கு மிகப் பொருந்தும் சொல் பெயரன். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்ற பொருளில் பிறந்த அச்சொல்லே பேரன் ஆயிற்று. ஆகவே தனி ஒருவருக்குக் 'கடல்மறவன் பெயரன்', குடும்பத்துக்குக் 'கடல்மறவன் வழியினர்' என்பவையே நேரான தமிழ்.

ஆங்கிலேயர் ஆட்சி இறுகிய காலத்தில் பல குடும்பங்கள் 'ஓ'வை விட்டன. ஓ'கானல், ஓ'சல்லிவன் போன்றோர் பின்னர் மீட்டுக்கொண்டனர், மர்பிகள் மீட்கவில்லை. அப்பெயர்களில் தொங்கும் மேற்கோள் குறியை 'of' என்ற ஆங்கில வேற்றுமை உருபின் சுருக்கம் என்பார்கள். தவறு. ஐரிஷில் 'ஓ'வின் தலைமேல் உள்ள நெடிற்குறிதான் ஆங்கில எழுத்தில் பக்கவாட்டில் இறங்கிவிட்டது என்பதே பரவலான விளக்கம்.

குடும்ப வரலாறு தேடுவோர் தடுமாறும் இடம் பெண்பால் வடிவம். ஓ முர்கூவின் மகள் 'நீ வுர்கூ', மனைவி 'ஈ வுர்கூ'. மகரம் வகரமாக ஒலிக்கும். எழுத்திலோ மகரத்தை அடுத்து ஒரு ஹகரம் சேரும். ஐரிஷ் மொழிப் பதிவுகளில் ஆண்பால் வடிவத்தை மட்டும் தேடினால் பெண்கள் அகப்பட மாட்டார்கள்.

கார்க், வெக்ஸ்ஃபோர்டு, டைரோன் மாவட்டங்களின் மர்பிகள் ஒரே குடியினர் அல்லர். முர்கத் என்ற பெயருள்ள பாட்டன்மார் பலர் இருந்தனர். 1169-இல் இங்கிலாந்தை ஆண்ட நார்மானியரை வரவழைத்த, அயர்லாந்தின் லென்ஸ்டர் பகுதி அரசன் டியர்மட் மேக் முர்கதாவின் பெயரிலும் அதே முர்கத் உண்டு. அதைக்கொண்டு எல்லா மர்பிகளையும் அவன் வாரிசாக்கிவிடக் கூடாது. முன்னோரின் பங்கை, அதாவது பாரிஷை, முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகு அயர்லாந்தின் வரிப் பதிவேடான கிரிஃபித் நில மதிப்பீட்டில் (1847–1864) அந்தப் பங்கின் சிற்றூர்களைப் பார்க்க வேண்டும். வெறும் 'மர்பி' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும்.