ஈரத் துணை வெப்பமண்டலக் காலநிலை: சொல் விளக்கம்

'ஹ்யூமிட் சப்ட்ராபிகல்' என்ற ஆங்கிலக் காலநிலைப் பெயரைத் தமிழில் 'ஈரத் துணை வெப்பமண்டலம்' என்று எழுதுவதே சரி. 'மிதவெப்பமண்டலம்' என்று எழுதக் கூடாது. அது 'டெம்பரேட்' என்பதற்கு உரிய சொல்.

'ட்ராபிக்' என்பதன் வேர், திரும்புதலைக் குறிக்கும் 'ட்ரோப்பே' என்ற கிரேக்கச் சொல். சூரியன் வடக்கே கடகரேகை வரை, அதாவது 23.5 பாகை வரை சென்று தெற்கே திரும்புகிறது. மகரரேகையில் மறுபடி வடக்கே திரும்புகிறது. நம் உத்தராயணம், தட்சிணாயனத்தில் இருக்கும் 'அயனம்' இதுதான். இலங்கையில் வழங்கும் 'அயன மண்டலம்' மூலப்பொருளுக்கு மிக நெருங்கி நிற்கிறது. தமிழ்நாட்டில் 'வெப்பமண்டலம்' வேரூன்றிவிட்டது. அதை மாற்றத் தேவையில்லை. 'சப்' லத்தீன் முன்னொட்டு: கீழே, அடுத்து என்று பொருள். ஆகவே துணை வெப்பமண்டலம், அல்லது உப அயன மண்டலம்.

காலநிலை ஆய்வாளர் விளாதிமிர் கொப்பென் வகுத்த காலநிலை வகைப் பட்டியலில் இதன் குறி 'சி எஃப் ஏ' (Cfa). ஓர் ஊர் இதில் சேருமா என்று பார்க்க 30 ஆண்டுச் சராசரியை மாதவாரியாக எடுத்துக்கொள்ளுங்கள். மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 பாகை செல்சியசுக்குக் கீழே, ஆனால் மைனஸ் 3-க்கு மேலே இருக்க வேண்டும் (அமெரிக்காவில் பலர் 0 பாகையை எல்லையாகக் கொள்கிறார்கள்). மிக வெப்பமான மாதம் 22 பாகையைத் தொட வேண்டும். வறண்ட பருவம் என்று ஒன்று இருக்கக் கூடாது. பலர் தடுக்கி விழுவது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். 'எஃப்' என்பது 'ஃபொய்ஹ்ட்', ஜெர்மன் மொழியில் ஈரம். அது அளப்பது மழையை. காற்றின் ஈரப்பத விழுக்காட்டை அல்ல. 'ஈரப்பத' என்று தொடங்கும் பெயர் படிப்பவரைப் புழுக்கத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது. 'ஈர' என்பதே போதும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், தென் கரோலைனாவில் உள்ள சார்ல்ஸ்டன் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நல்ல எடுத்துக்காட்டு. ஜனவரிச் சராசரி சுமார் 10 பாகை, ஜூலையில் சுமார் 28. ஆண்டு மழை ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர். கோடையில் மிகுதி, நவம்பரில் குறைவு, ஆனால் எந்த மாதமும் வறண்டு போவதில்லை. அட்லாண்டிக் கடல்மேல் நிலைகொள்ளும் 'பெர்முடா உயர் அழுத்தம்' என்ற காற்றழுத்த மண்டலம் கோடை முழுக்கத் தெற்கிலிருந்து ஈரக்காற்றைத் தள்ளுகிறது. கடற்காற்று கரையேறும் பிற்பகலில் அது இடிமழையாகிறது. ஏறக்குறைய இதே அட்சரேகையில், மேற்குக் கரையில் இருக்கிறது சான் டியேகோ. அங்கே ஆண்டு மழை சுமார் 250 மில்லிமீட்டர்தான், கோடையில் மழையே அரிது. கரையோரம் ஓடும் கலிபோர்னியக் குளிர் நீரோட்டமும், மேலிருந்து இறங்கும் காற்றும் மழைமேகம் வளர விடுவதில்லை. ஆக, அட்சரேகையை மட்டும் பார்த்து இந்தப் பெயரைச் சூட்ட முடியாது. கண்டத்தின் எந்தக் கரை என்பதும் முக்கியம்.

சென்னை எவ்வளவு புழுங்கினாலும் இதில் வராது. அதன் மிகக் குளிர்ந்த மாதமே சுமார் 25 பாகை. அது முழு வெப்பமண்டலம். சார்ல்ஸ்டனிலோ குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிரலை இறங்கும்போது உறைபனி விழும். சபால் என்ற பனைவகை அதைத் தாங்கி நிற்கிறது. தென்னையை அங்கே வெட்டவெளியில் வளர்க்க முடியாது.