பிறந்தநாள் கேக்கில் பூசும் பொன் தூள்: ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேண்டுகோள்

அந்தச் சிறு புட்டியை ஒரு வீட்டுச் சமையலறை மேசையில் இந்த ஆண்டில் மூன்றாவது தடவையாகக் கண்டபோதே, இதை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். திருகோணமலை உவர்மலையில் ஐந்து வயது மகனுக்காகத் தாயே கேக் அடித்திருந்தார். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களைப் பார்த்த பிள்ளை, தனக்கும் அப்படி ஒரு மான் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். தாய் மூன்று இரவுகள் கண்விழித்து, கேக்கின் மேல் போர்த்தவும் உருவங்கள் செய்யவும் உதவும் சீனி மாவான ஃபொண்டன்டைப் பிசைந்து காதும் கொம்பும் புள்ளியும் செய்து வைத்து, கடைசியில் மான் மினுங்கட்டும் என்று பொன் நிறத் தூளைத் தலையிலிருந்து குளம்பு வரை தூரிகையால் பூசியிருக்கிறார். அன்று மாலையே நான்கு பிள்ளைகளுக்கு வாந்தி.

உணவு நஞ்சாகிவிட்டது என்று தகவல் கிடைத்துச் சென்ற நான், வழக்கம்போல முட்டையையும் பட்டரையும் தண்ணீரையும்தான் முதலில் விசாரித்தேன். அவற்றில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. பிள்ளைகள் மறுநாளே தேறிவிட்டார்கள். புட்டியை எடுத்துக் காட்டி, இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டபோது, கைவினைப் பொருட்கள் விற்கும் கடையில் என்றார் அந்தத் தாய். "நொன் டொக்ஸிக் என்றுதானே போட்டிருக்கு, சேர்" என்று அவர் சொன்ன வார்த்தையை மற்ற இரண்டு வீடுகளிலும் நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

நச்சற்றது என்பது வேறு, உண்ணத்தக்கது என்பது வேறு. எத்தனை தடவை சொல்லியும் இது மனங்களில் பதியாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்க முடியாத ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு பொருளை அதற்குரிய வேலைக்கு, அதாவது கடதாசியில் ஒட்டவோ களிமண்ணில் பூசவோ, சொன்னபடி பயன்படுத்தினால் கெடுதி வராது என்பது மட்டுமே அந்தச் சொல்லின் பொருள். பாடசாலைப் பிள்ளைகளின் மெழுகு வர்ணக் குச்சியிலும் பசைப் போத்தலிலும் அதே சொல் இருக்கிறது. அதற்காக எவரும் அவற்றைத் துருவி உணவில் சேர்ப்பதில்லை. தவறுதலாக ஒரு துளி பிள்ளையின் வாயில் படுவதும், ஒரு கேக் முழுவதும் பூசி, வெட்டி, ஆளுக்கொரு துண்டாகக் கையில் கொடுப்பதும் ஒன்றாகிவிடுமா? "அலங்காரத்துக்கு மட்டும்" என்று எழுதியிருந்தாலும் அப்படியே. உண்பதற்கு முன் அகற்றிவிட வேண்டிய பொருள் என்பதே அதன் கருத்து. ஃபொண்டன்டில் தூரிகையால் தேய்த்த தூளை எவரால் அகற்ற முடியும்?

பொன் நிறமும் செம்பொன் நிறமும் தரும் மலிவான தூள்கள் பலவற்றில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகப் பொடி. மினுங்கும் கிளிட்டரில் பெரும்பகுதி பிளாஸ்டிக். வெளிநாட்டுச் சரக்கு என்றால் பயமில்லை என்று சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018ஆம் ஆண்டு ஒரு பிறந்தநாள் விருந்தில் செம்பொன் நிறத் தூள் பூசிய கேக்கை உண்ட, 1 முதல் 11 வயது வரையான ஆறு பிள்ளைகள் நோயுற்றார்கள்; அந்தப் பூச்சில் செம்பு மிகுந்திருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. அடுத்த ஆண்டு மிசூரி மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததற்குக் காரணம் தேடியவர்கள், பிறந்தநாள் கேக்கில் பூசிய, சீனிப் பூக்களுக்கு நிறமூட்டும் தூளில் நாலில் ஒரு பங்கு ஈயம் இருந்ததைக் கண்டார்கள். செம்பு வாந்தியாக உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஈயம் அப்படி அல்ல. அது சத்தமின்றி உடலில் தங்கி, வளரும் மூளையைப் பாதிக்கும்.

ஆகவே புட்டியைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பொருளென்றால் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும், காலாவதித் திகதியும், உற்பத்தியாளரின் பெயரும் இருக்க வேண்டும். உண்ணத்தக்க மினுமினுப்புத் தூளில் சீனி, சோள மா, அக்கேசியாப் பிசின், உணவில் அனுமதிக்கப்பட்ட நிறங்கள் போன்றவை எழுதப்பட்டிருக்கும். பட்டியல் இல்லையென்றால் அது உணவல்ல, அவ்வளவுதான். பெரிய பொதியிலிருந்து சிறு டப்பாக்களில் பிரித்துக் கையால் பெயர் எழுதி விற்பதை வாங்கவே வேண்டாம். வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் சகோதரிகள், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தங்களுக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வைத்திருங்கள். கைவினைக் கடையில் கைவினைப் பொருளாக இருக்கும் புட்டியை நான் உணவாகக் கருதிக் கைப்பற்ற முடியாது. அதனால்தான் வாங்கும் கைகளிடம் மன்றாடுகிறேன்.

வந்த இடத்தில் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபொண்டன்ட் போர்த்திய கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வெளியே எடுத்தால் வியர்த்து ஒட்டும் என்பதற்காக, உள்ளே கிறீம் தடவிய கேக்கை இரவு முழுவதும் மேசையில் வைத்துவிடுகிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் 32 பாகை செல்சியசைத் தாண்டும் நம்மூர் வெப்பத்தில் கிறீம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஃபொண்டன்ட்தான் வேண்டுமென்றால் உள்ளே ஜாமோ, சீனி மிகுந்த பட்டர் ஐசிங்கோ தடவுங்கள். கிறீம்தான் வேண்டுமென்றால் ஃபொண்டன்டை விட்டுவிடுங்கள். உருவங்களின் கழுத்துக்குள் பல் குத்தும் குச்சியையும் பூக்கம்பியையும் செருகாதீர்கள்; காய்ந்த ஸ்பகெட்டித் துண்டு அதே வேலையைச் செய்யும், பிள்ளை கடித்தாலும் தொண்டையில் குத்தி நிற்காது. முற்றத்து அலரிப் பூவைக் கேக்கில் வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அலரி முழுவதும் நஞ்சு, தயவுசெய்து வேண்டாம். குளுக்கோசுக்குப் பதிலாகத் தேன் சேர்த்துப் பிசைந்த ஃபொண்டன்டை ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தொட்டும் வைக்கக் கூடாது. எல்லாச் சமூகத்தவரும் கூடி உண்ணும் ஊர் இது. விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டினைச் சேர்த்திருந்தால் வந்தவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

நான் விடைபெறும்போது அந்தத் தாய், அப்படியானால் மானுக்கு எதைப் பூசுவது என்று கேட்டார். கொக்கோத் தூளைச் சேர்த்துப் பிசைந்தால் மானின் நிறம் வந்துவிடும், புள்ளிகளுக்கு வெள்ளை ஃபொண்டன்ட் போதும் என்றேன்.

இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் வீட்டில் எவராவது அப்படிப்பட்ட கேக்கை உண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால், மேலும் வாந்தி எடுக்கச் செய்ய முயலாதீர்கள். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பயத்திலோ வெட்கத்திலோ புட்டியைக் குப்பையில் எறிந்துவிடாமல், மிஞ்சிய கேக் துண்டோடு அதையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.